கொடுத்த விலையைத் திருப்பி வாங்கும் கதைகள்

கசாண்ட்ரா கிளேரின் 'த மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' தொடர் 2009 மார்ச்சில் ஒருமுறை முடிந்தது. 'சிட்டி ஆஃப் போன்ஸ்' (2007), 'சிட்டி ஆஃப் ஆஷஸ்' (2008), 'சிட்டி ஆஃப் கிளாஸ்' (2009) என ஆண்டுக்கு ஒன்றாக வந்த மூன்று பாகங்களில் வில்லன் செத்தான். காதலர்களுக்கு நடுவே நின்ற பெரும்பொய் உடைந்தது. போர் ஓய்ந்து வாணவேடிக்கையும் நடந்தது. வாசகர்கள் நிறைவோடு மூடிவைத்த தொடருக்கு நான்காம் பாகம் வரப்போவதாக 2010இல் அறிவிப்பு வந்தது. 2011 ஏப்ரலில் 'சிட்டி ஆஃப் ஃபாலன் ஏஞ்சல்ஸ்' கடைகளுக்கு வந்து, விற்பனைப் பட்டியல்களிலும் ஏறியது. ஆனால் முதல் மூன்றையும் உருகிப் படித்த பலர், தொடரிலேயே தங்களைக் கைவிட்ட புத்தகம் என்று அதைத்தான் இன்றும் சுட்டுகிறார்கள்.

பதின்பருவத்தினருக்கான நகர்ப்புற மிகுபுனைவில் இது தனி நிகழ்வு இல்லை. கடந்த 35 ஆண்டுகளில் இந்த வகையில் பெயர்பெற்ற தொடர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், முதல் பாகத்தைப் பற்றிய பேச்சு ஒரு தொனியிலும் பிந்தைய பாகங்களைப் பற்றிய பேச்சு வேறு தொனியிலும் இருப்பதைக் காணலாம். காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். ஒன்று, பதிப்பகத்தின் பணத்தாசை. மற்றது, எழுத்தாளரின் சரக்கு தீர்ந்துவிட்டது. இரண்டிலும் உண்மை கலந்திருக்கலாம். ஆனால் ஒரு புத்தகம் ஏன் எழுதப்பட்டது என்பதற்குத்தான் அவை விடை சொல்கின்றன. அது ஏன் ஏமாற்றுகிறது என்பதற்குச் சொல்வதில்லை. பணத்துக்காக எழுதப்பட்ட நல்ல நாவல்கள் ஏராளம். களைத்துப்போன எழுத்தாளர்கள் எழுதிய நல்ல நாவல்களும் உண்டு.

விடையைக் கதைக்குள்ளேயே தேட வேண்டும். இந்தத் தொடர்களைச் சேர்த்து வைத்துப் படிக்கையில் தெரியவருவது இதுதான்: முந்தைய பாகங்களில் பாத்திரங்கள் எதையாவது விலையாகக் கொடுத்துத்தான் முடிவை அடைகிறார்கள். ஒரு உயிர், ஒரு குடும்பம், ஒரு நம்பிக்கை என்று அந்த விலை இருக்கும். தோற்றுப்போகும் அடுத்த பாகம் அந்த விலையைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிடுகிறது. செத்தவர் எழுகிறார், சேர்ந்தவர்கள் மறுபடி பிரிக்கப்படுகிறார்கள், தீர்ந்த பகை புதிதாக முளைக்கிறது. வாசகர் சிந்திய கண்ணீருக்கு அப்போது அர்த்தமில்லாமல் போகிறது.

ஒருமுறை மட்டுமே திறக்கும் கதவு

இந்த வகைக் கதைகளின் அடிப்படை ஏற்பாடு எளிது. நாம் தினமும் நடக்கும் தெரு, ஏறும் ரயில், கண்டும் காணாமல் கடந்துபோகும் பாழடைந்த கட்டடம் ஆகியவற்றுக்குள்ளேயே இன்னொரு நகரம் இயங்குகிறது. அதைப் பார்க்கும் கண் சிலருக்கே வாய்த்திருக்கிறது. 1986இல் டெரி விண்ட்லிங்கும் மார்க் ஆலன் ஆர்னால்டும் தொகுத்த 'பார்டர்லேண்ட்' கதைகள், மாய உலகத்துக்கும் மனித உலகத்துக்கும் எல்லையில் நிற்கும் ஒரு நகரத்தில் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளைக் குடிவைத்தன. அடுத்த ஆண்டு எம்மா புல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்', மினியாபொலிஸ் நகரத்து ராக் பாடகி ஒருத்தியை ஃபேரி அரசவைகளின் போருக்குள் இழுத்துவிட்டது. 1997இல் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' பள்ளிக்கூடத்தையே நரகத்தின் வாசலாக்கியது. கிளேர், ஹாலி பிளாக், மெலிசா மார் போன்றோர் 2000க்குப் பிறகு எழுத வந்தபோது பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

இந்த ஏற்பாடு பதின்பருவ வாசகருக்குக் கச்சிதமாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. 15, 16 வயதில் வீட்டுப் பெரியவர்கள் தன்னிடமிருந்து எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. 'சிட்டி ஆஃப் போன்ஸ்' அந்தச் சந்தேகம் சரிதான் என்கிறது. நாயகி கிளேரி ஃப்ரேயின் தாய், மகளின் பார்வையையும் நினைவையும் மந்திரவாதி மேக்னஸ் பேனை வைத்துப் பல ஆண்டுகளாகக் கட்டிவைத்திருக்கிறாள். கட்டு தளர்ந்ததும், நியூயார்க் நடனக்கூடம் ஒன்றில் வேறு யாருக்கும் தெரியாத மூன்று பேர் ஒருவனைக் கொல்வதைக் கிளேரி பார்க்கிறாள். பக்கத்தில் நிற்கும் நண்பன் சைமனுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அதன்பின் நியூயார்க்கே புதிதாகிறது. இடிந்த தேவாலயமாகத் தெரிவது பேய்வேட்டையர்களான ஷேடோஹன்டர்களின் நிலையம். மன்ஹாட்டனின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அடியில் மௌனத் துறவிகளின் நகரம் இருக்கிறது. ஈஸ்ட் ஆற்றின் நடுவே ரூஸ்வெல்ட் தீவில் இன்றும் இடிபாடாக நிற்கும் பெரியம்மை மருத்துவமனையில் வில்லன் வேலன்டைன் பதுங்கியிருக்கிறான். 1856இல் திறக்கப்பட்ட அந்த மருத்துவமனை உண்மையானது. அந்த ஊர்ப் பிள்ளைகள் படகிலிருந்தோ பாலத்திலிருந்தோ பார்த்த இடிபாடு. இப்படி நிஜ முகவரியில் மாயத்தைக் குடியேற்றுவதுதான் இந்த வகையின் பெரும் மகிழ்ச்சி.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கண் திறப்பது ஒருமுறைதான். இரண்டாம் பாகத்தைக் கையில் எடுக்கும் வாசகருக்குத் தேவாலயம் தேவாலயமில்லை என்று தெரியும். ஆகவே அடுத்த பாகம் வேறு எதையாவது நம்பித்தான் ஓட வேண்டும். மறைந்த நகரத்தின் சட்டம் யாருக்குச் சாதகமானது என்று கேட்கலாம். மாய சக்தி பாத்திரத்தின் மனத்தையும் உடலையும் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இதுவரை ஓரமாக நின்ற ஒருவரின் கண்வழியே அதே நகரத்தைக் காட்டலாம். இவற்றில் எதையும் செய்யத் துணியாத நாவல், தீர்ந்த கதையையே மறுபடி கிண்டுகிறது.

நான்காம் பாகத்தின் இரண்டு நாவல்கள்

'சிட்டி ஆஃப் ஃபாலன் ஏஞ்சல்ஸ்' அட்டைகளுக்கு நடுவே இரண்டு நாவல்கள் இருக்கின்றன, ஒன்று நல்லது. அது சைமன் லூயிஸின் கதை. இரண்டாம் பாகத்தில் ரத்தக்காட்டேரியாக மாறியவன், வெயிலிலும் நடமாட முடிகிற அபூர்வப் பிறவி. மூன்றாம் பாகத்தில் கிளேரி அவன் நெற்றியில் காயீனின் குறியை வரைந்தாள். அவனைத் தாக்குபவருக்கு அடி ஏழு மடங்காகத் திரும்பும். காப்பதற்காக இட்ட குறி அவனைத் தனியனாக்குகிறது. யூதக் குடும்பத்துப் பையன், கடவுளின் பெயரை வாயால் சொல்ல முடியாதவனாகிவிட்டான். அறையில் ஒளித்துவைத்த ரத்தப் புட்டிகளைத் தாய் கண்டுபிடிக்கிறாள். அவன் உண்மையைச் சொல்கிறான்; பெற்றவள் மகனைப் பார்த்து அஞ்சுகிறாள். வேறு வழியின்றித் தன் புதிய சக்தியாலேயே அவள் நினைவைக் கலைத்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். முதல் பாகத்தில் கிளேரியின் தாய் மகளுக்குச் செய்ததை இங்கே ஒரு மகன் தாய்க்குச் செய்கிறான். தொடர் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான தருணங்கள் குறைவு.

மற்ற நாவல் கிளேரிக்கும் ஷேடோஹன்டர் ஜேஸுக்கும் இடையிலான காதலைப் பற்றியது. ஏமாற்றம் அங்கேதான் குவிந்திருக்கிறது. முதல் மூன்று பாகங்களிலும் இவர்களைப் பிரித்துவைத்தது ஒரே பொய்: இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது. அது உடைந்து இருவரும் சேர்ந்தபோது தொடரின் முதன்மை முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நான்காம் பாகம் புதிய முடிச்சைத் தேடுகிறது. ஜேஸுக்குக் கிளேரியைத் தானே கொல்வதாகக் கனவுகள் வருகின்றன. அவளிடம் சொல்லாமல் ஒதுங்குகிறான். அவள் தவிக்கிறாள். நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு இந்த ஒதுங்கலும் தவிப்பும் நீள்கின்றன. இருவரும் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடிய விஷயம் பேசாமையால் மட்டுமே உயிர்வாழ்கிறது.

இந்தக் கனவுகளுக்கு நாவல் தரும் காரணம் உண்மையில் அருமையானது. மூன்றாம் பாகத்தில் வேலன்டைன் ஜேஸைக் கொல்கிறான். தேவதூதர் ரசியல் ஒரே ஒரு வரம் தருவதாகச் சொல்ல, கிளேரி அவன் உயிரைக் கேட்டு வாங்குகிறாள். செத்துப் பிழைத்தவனுக்குப் பிறந்தபோது செய்த காப்புச் சடங்குகளின் பலன் போய்விட்டது. ஆகவே லிலித் என்னும் பேயரசி அவன் மனத்துக்குள் நுழைய முடிகிறது. மீண்டு வந்த உயிருக்கு ஒரு விலை உண்டு என்கிற எண்ணம் இது. நான்காம் பாகம் முழுவதையும் தாங்கக்கூடிய எண்ணம். கிளேரி செய்தது சரியா? உலகத்துக்கே கேட்டிருக்கக்கூடிய வரத்தைத் தன் காதலனுக்காகச் செலவழித்தவளை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? தான் யாருடைய செலவில் மூச்சுவிடுகிறோம் என்று ஜேஸ் யோசிக்கிறானா? இந்தக் கேள்விகள் எழுந்திருக்க வேண்டும். நாவலோ அந்த எண்ணத்தைக் கடைசிவரை ரகசியமாக வைத்திருந்து, ஒரு திருப்பமாக மட்டும் செலவழிக்கிறது.

இன்னொரு வாய்ப்பும் நழுவுகிறது. மூன்றாம் பாகத்தின் முடிவில் ஷேடோஹன்டர்கள் ஓநாய் மனிதர்களோடும் ரத்தக்காட்டேரிகளோடும் மந்திரவாதிகளோடும் ஃபேரிகளோடும் தோளோடு தோள் நின்று போரிடுகிறார்கள். அதுவரை தாழ்வாக நடத்தப்பட்ட அந்த இனங்களுக்கு ஆட்சி மன்றத்தில் இடம் தருவதாக உடன்பாடு. பல நூற்றாண்டுப் பகைக்குப் பிறகு ஒரே மேசையில் அமர்வது எப்படி இருக்கும்? அடுத்த பாகம் இதற்குள் கால் வைப்பதே இல்லை. கண்ணாடிப் பெட்டியில் கிடத்தப்பட்ட செபாஸ்டியனின் உடலுக்கு உயிரூட்ட லிலித் போடும் திட்டத்தைச் சுற்றியே ஓடுகிறது. செபாஸ்டியன் மூன்றாம் பாகத்தில் ஜேஸின் கையால் செத்தவன். ஆக, காதல் பழைய இடத்துக்கே போகிறது. எதிரியும் பழைய ஆளே. கடைசிப் பக்கங்களில் லிலித் வீழ்ந்தாலும், ஜேஸ் செபாஸ்டியனோடு பிணைக்கப்பட்ட நிலையில் கதை அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த பாகத்துக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

சாவைத் திரும்பப் பெறுதல்

கிளேருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் எல்.ஜே. ஸ்மித். 'த வாம்பயர் டயரீஸ்' 1991இல் மூன்று பாகங்களாக வந்தது. மூன்றாம் பாகத்தின் முடிவில் நாயகி எலேனா தன்னைப் பலிகொடுத்துச் சாகிறாள். கதைக்கு அதுவே இயல்பான முடிவு. வாசகர்கள் வற்புறுத்தவே நான்காம் பாகமான 'டார்க் ரீயூனியன்' எழுதப்பட்டது. அதில் எலேனா திரும்பி வருகிறாள். தொலைக்காட்சித் தொடர் வந்த 2009இல் அச்சுத்தொடரும் புத்துயிர் பெற்றது. மேலும் பல பாகங்கள் வந்தன.

இந்தத் தொடரின் உரிமை ஸ்மித்திடம் இருக்கவில்லை. கூலிக்கு எழுதித்தரும் ஒப்பந்தத்தில் எழுதியதால், கதைகளை உருவாக்கி விற்கும் நிறுவனமான அல்லாய் என்டர்டெய்ன்மென்டுக்கே அது சொந்தம். 2011இல் அவர் விலக்கப்பட்டு வேறொருவர் எழுதினார். பிற்பாடு அமேசான், பிறர் கதைமாந்தரை வைத்து ரசிகர்கள் எழுதி விற்க வழிசெய்தபோது, ஸ்மித் தன் சொந்தக் கதைமாந்தரைப் பற்றியே அங்கே ரசிகராக எழுதினார். முடிந்த கதையைத் திறப்பதென்று ஆகிவிட்டால், அதை யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

சாவிலிருந்து மீட்பதே தவறு என்று சட்டம் போட முடியாது. 'பஃபி' ஐந்தாம் பருவத்தின் இறுதியில், அதாவது 2001 மே மாதம் ஒளிபரப்பான நூறாவது அத்தியாயத்தில், பஃபி செத்துப்போகிறாள். ஒளிபரப்பிய அலைவரிசை தொடரைக் கைவிட்டது. வேறு அலைவரிசைக்கு மாறிய தொடர், அந்த ஆண்டு அக்டோபரில் அவளை நண்பர்கள் மந்திரத்தால் எழுப்புவதிலிருந்து ஆறாம் பருவத்தைத் தொடங்கியது. வணிக நிர்ப்பந்தம் என்று பார்த்தால் கிளேரின் நான்காம் பாகத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் எழுதியவர்கள் அந்த நிர்ப்பந்தத்தையே கதையாக்கினார்கள். நரகத்திலிருந்து மீட்டுவிட்டோம் என்று நண்பர்கள் பூரிக்க, தான் நிம்மதியான ஓரிடத்தில் இருந்ததாகவும் அங்கிருந்து பிடுங்கப்பட்டதாகவும் பஃபி பாடல் வடிவில் அமைந்த ஓர் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறாள். கடன், வேலை, மனச்சோர்வு என்று அந்தப் பருவம் முழுக்க அவள் உயிரோடு இருப்பதன் பாரத்தைச் சுமக்கிறாள். அந்தப் பருவத்தை வெறுத்த ரசிகர்களும் உண்டு. ஆனால் செத்ததற்கு மதிப்பில்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' நகரத்தைவிடச் சிற்றூரை நம்பிய காதல் தொடர் என்றாலும் இந்த விசாரணையில் அதைத் தவிர்க்க முடியாது. முதல் நாவலுக்கு நேர்த் தொடர்ச்சியாக மேயர் 'ஃபாரெவர் டான்' என்றொரு கைப்பிரதியை எழுதியிருந்தார். நூல் பதின்பருவத்தினருக்கானது என்று முடிவானதும், நாயகி பெல்லாவைப் பள்ளிப் பருவத்திலேயே இன்னும் சில காலம் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படி இடையில் கட்டப்பட்டவைதான் 'நியூ மூன்' (2006), 'எக்லிப்ஸ்' (2007) இரண்டும். 'நியூ மூன்' நாவலில் அவள் காதலனான ரத்தக்காட்டேரி எட்வர்ட், பெல்லாவின் நன்மைக்காக என்று சொல்லிப் பிரிந்துபோகிறான். ஜேஸின் ஒதுங்கலுக்கு ஐந்தாண்டு மூத்த சூத்திரம். ஆனால் மேயர் அந்தப் பிரிவை முழுதாக அனுபவிக்க விடுகிறார். மாதப் பெயரைத் தவிர ஒன்றுமில்லாத பக்கங்கள் நாவலில் அடுத்தடுத்து வருகின்றன. இடைச்செருகலாகப் பிறந்த புத்தகத்திலும் வலி மெய்யாக இருக்கிறது.

கடைசிப் பாகத்தில்தான் கணக்கு பிசகுகிறது. ரத்தக்காட்டேரியாக மாறினால் பெற்றோரை இழக்க வேண்டும், பிள்ளை கிடையாது, ரத்த வெறியோடு பல ஆண்டுகள் போராட வேண்டும் என்று மூன்று நாவல்கள் பெல்லாவை எச்சரித்தன. அமெரிக்காவில் முதல் நாளிலேயே 13 லட்சம் பிரதிகள் விற்ற 'பிரேக்கிங் டான்' (2008) நாவலில் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது, தந்தையின் உறவு நீடிக்கிறது, ரத்த வெறி ஆரம்பத்திலேயே அடங்கியிருக்கிறது. நாவல் முழுக்கத் திரட்டப்படும் பெரும்போர் நடக்காமலே கலைகிறது. 2012இல் வந்த திரைப்படம், ஒரு பாத்திரத்தின் தீர்க்கதரிசனக் காட்சி என்ற பெயரில் அந்தப் போரைப் புகுத்த வேண்டியிருந்தது. நாவலில் எங்கே குழி விழுந்திருக்கிறது என்பதைத் திரைக்கதைக்காரர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள்.

நாட்காட்டியின் அழுத்தம்

பதிப்புத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. பதின்பருவ வாசகர் வளர்ந்துகொண்டே இருப்பவர். 14 வயதில் தொடரைத் தொடங்கியவர் 17இல் வேறு புத்தகங்களுக்குப் போய்விடலாம். அந்த இடைவெளிக்குள் எத்தனை பாகங்களைக் கொடுக்க முடியுமோ அத்தனையையும் கொடுக்கப் பதிப்பகங்கள் முனைகின்றன. பி.சி. காஸ்ட், கிறிஸ்டின் காஸ்ட் என்ற தாயும் மகளும் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தை வைத்து எழுதிய 'ஹவுஸ் ஆஃப் நைட்' தொடரின் முதல் ஆறு பாகங்கள் 2007 மே முதல் 2009 அக்டோபருக்குள் வந்தன. மொத்தம் 12 பாகங்கள், 2014இல் முடிந்தது. வெளியே ஆண்டுகள் ஓட, கதைக்குள் காலம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. வாசகர் கல்லூரிக்குப் போன பிறகும் நாயகி ஸோயி பழைய காதல் குழப்பங்களிலேயே உழன்றாள்.

கிளேரின் நாட்காட்டியும் நெருக்கடியானதுதான். 2010 ஆகஸ்டில் விக்டோரியா காலத்து லண்டனில் நடக்கும் முன்கதைத் தொடரின் முதல் பாகம் 'கிளாக்வொர்க் ஏஞ்சல்'. 2011 ஏப்ரலில் 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்'. அதே ஆண்டு டிசம்பரில் 'கிளாக்வொர்க் பிரின்ஸ்'. 2012 மேயில் 'சிட்டி ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்'. இரண்டு தொடர்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. நான்காம் பாகத்தில் சில பாத்திரங்கள் வந்துபோவதே முன்கதைத் தொடருக்கு நூல் கோக்கத்தான் என்று தோன்றுகிறது. ரத்தக்காட்டேரி கமீல், மேக்னஸின் பழைய காதலியாகத் திடீரென்று நுழைவது அப்படிப்பட்டது.

ஆனாலும் இதே நெருக்கடிக்குள் பிறந்த 'கிளாக்வொர்க் பிரின்ஸ்' அவரது சிறந்த நாவல்களில் ஒன்றாகப் பலரால் கருதப்படுகிறது. ஒரே எழுத்தாளர், ஒரே ஆண்டு, ஒரே பதிப்பகம். இரண்டு புத்தகங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நாட்காட்டி விளக்காது. லண்டன் கதை முதலிலிருந்தே மூன்று பாகங்களுக்கென்று திட்டமிடப்பட்டது; அதன் இரண்டாம் பாகத்துக்குச் சொல்ல வேண்டிய கதை மிச்சமிருந்தது. நியூயார்க் கதையின் நான்காம் பாகத்துக்கோ முடிந்த ஒன்றை அவிழ்த்தால்தான் தொடங்கவே முடியும்.

எதிர்ப்பக்கத்து நியாயம்

தொடரை விரும்புபவர்கள் சொல்லும் இரண்டு வாதங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நடுப்பாகத்தை முழுப் புத்தகமாக மதிப்பிடக் கூடாது என்பது. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் சேர்ந்து புதிய முப்பாகம். நான்காவது அதற்கு முகப்பு மட்டுமே. இதில் உண்மையுண்டு. ஜேஸும் செபாஸ்டியனும் ஒருவருக்குப் பட்ட காயம் மற்றவருக்கும் படும்படி பிணைந்திருப்பதால் எழும் நெருக்கடி ஐந்தாம் பாகத்தை மெய்யாகவே விறுவிறுப்பாக்குகிறது. மேக்னஸ் நூற்றாண்டுகள் வாழப் போகிறவன், காதலன் அலெக் அப்படியில்லை என்ற வேதனைக்கு விதை நான்காம் பாகத்தில்தான் விழுகிறது, முளைப்பது ஐந்தாவதில். ஆனால் முகப்புக்கும் தனிக் கடமை உண்டு. 'சிட்டி ஆஃப் போன்ஸ்' நாவலும் ஒரு முகப்புதான். அது ஒரு கேள்வியை முழுதாக எழுப்பி, ஒரு கேள்விக்கு முழுதாக விடையும் சொன்னது.

இரண்டாவது வாதம் இன்னும் நெருக்கமானது. இளம் வாசகர் கதைக்காக மட்டும் திரும்பி வருவதில்லை. பழகியவர்களோடு இன்னும் கொஞ்சநேரம் இருக்க வருகிறார். சைமன் இரண்டு பெண்களை ஒரே சமயத்தில் காதலித்து மாட்டிக்கொள்வதும், அவனது இசைக்குழுவுக்குப் பெயர் அமையாததும், ஷேடோஹன்டர் பெண் இஸபெல் மோசமாகச் சமைப்பதும் அவருக்குப் போதும். இந்த ஆசையை இழிவாகப் பேசும் விமர்சகர் வாசகரை அறியாதவர். ஆனால் பழகிய மனிதரோடு இருக்கும் இன்பம், அவர் நேற்று பட்ட அடியை இன்றும் நினைவில் வைத்திருக்கும்போதுதான் கிடைக்கும். போரில் சாவைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் ஒன்றும் நடவாதது போல விருந்துக்கு உடுத்துவதைக் காணும் வாசகருக்கு, இவர்கள் தனக்குத் தெரிந்தவர்கள்தானா என்ற ஐயம் எழுகிறது.

தேறிய பாகங்கள்

சரியாகச் செய்தவர்களைப் பார்த்தால் வழிகள் தெளிவாகும். ஹாலி பிளாக்கின் 'டைத்' (2002) நியூஜெர்சிக் கடற்கரையில் நடந்த ஃபேரி கதை. அடுத்து வந்த 'வேலியன்ட்' (2005) நாயகியையே மாற்றியது. வீட்டைவிட்டு ஓடிவந்த வால் என்னும் பெண், நியூயார்க்கின் கைவிடப்பட்ட சுரங்க ரயில் மேடையில் தங்குகிறாள். நகரத்தின் இரும்பு ஃபேரிகளுக்கு நஞ்சு. அதைத் தாங்கிக்கொள்ள அவர்கள் குடிக்கும் மருந்தை இந்தப் பிள்ளைகள் ஊசியில் ஏற்றிக்கொண்டு போதையில் மிதக்கிறார்கள். அதே மாய உலகம், புதிய கண், புதிய விலை. அறிவியல் புனைவு, மிகுபுனைவு எழுத்தாளர் சங்கம் இளையோர் நூலுக்கென்று நிறுவிய ஆண்ட்ரே நார்ட்டன் விருதை முதன்முதலில் பெற்றது இந்த அடுத்த பாகம்தான்.

பார்ட்டிமியஸ் என்னும் பூதத்தை வைத்து ஜோனதன் ஸ்ட்ரௌட் எழுதிய தொடரில், மந்திரவாதிகள் ஆளும் லண்டனைக் காட்டிய முதல் பாகத்துக்கு (2003) அடுத்து வந்த 'த கோலம்ஸ் ஐ' (2004) துணிச்சலானது. நாயகன் நதானியேல் அரசு அதிகாரியாகி, அகந்தை பிடித்தவனாகிறான். அந்த ஆட்சியால் அடிபட்ட கிட்டி ஜோன்ஸ் என்னும் சாதாரணப் பெண்ணின் பார்வை கதைக்குள் நுழைகிறது. முதல் பாகத்தில் வேடிக்கையாகத் தெரிந்த மந்திர ஆட்சி, அவள் கண்ணில் கொடுங்கோலாகிறது. மூன்றாம் பாகத்தில் (2005) நதானியேல் சாகிறான். ஐந்தாண்டு கழித்து அதே பூதத்தை வைத்து மறுபடி எழுதியபோது, ஸ்ட்ரௌட் அவனை எழுப்பவில்லை. சாலமன் காலத்து ஜெருசலேமுக்குப் போய்விட்டார். செத்தவன் செத்தவனாகவே இருந்தான்.

லெய்னி டெய்லரின் 'டாட்டர் ஆஃப் ஸ்மோக் அண்ட் போன்' (2011) பிராக் நகரத்தின் அழகில் தோய்ந்த காதல் கதை. 'டேஸ் ஆஃப் பிளட் அண்ட் ஸ்டார்லைட்' (2012) அந்த அழகை விட்டுவிட்டு மொராக்கோவின் பாலைவனக் கோட்டைக்குப் போகிறது. தன் இனம் அழிக்கப்பட்ட பிறகு, நாயகி கரூ இறந்த வீரர்களின் ஆன்மாவுக்குப் புது உடல் செய்து தருகிறாள். ஒவ்வொரு உடலுக்கும் அவள் தன் உடம்பில் வலியைக் காணிக்கையாகச் செலுத்த வேண்டும். உயிர்மீட்புக்கு விலை உண்டு என்று கிளேர் தொட்டுவிட்டு விட்ட எண்ணம் இங்கே நாவலின் முதுகெலும்பு. காதலன் அகிவா செய்த துரோகமும் ஒரு முத்தத்தில் மன்னிக்கப்படுவதில்லை. டேனியல் ஹோசே ஓல்டரின் 'ஷேடோஹவுஸ் ஃபால்' (2017) முதல் பாகத்துக் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை அதே புரூக்லினில் காவல்துறையின் எதிரே நிறுத்துகிறது. மாயம் கையில் இருந்தும் நகரத்தின் சட்டம் அவர்களை விடுவதில்லை.

கிளேரே பிற்பாடு இதைச் செய்து காட்டினார் என்பதுதான் இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது. ஆறாம் பாகத்தின் (2014) முடிவில் வெற்றிபெற்ற ஷேடோஹன்டர்கள் ஃபேரிகள்மீது கொடிய உடன்படிக்கை ஒன்றைத் திணிக்கிறார்கள். 2016இல் 'லேடி மிட்நைட்' நாவலோடு தொடங்கிய அடுத்த தொடர், அந்த உடன்படிக்கையால் சிதறிய ஒரு குடும்பத்தை லாஸ் ஏஞ்சல்ஸில் காட்டுகிறது. புதிய நகரம், புதிய பிள்ளைகள், பழைய வெற்றியின் பழி. 2011இல் திறக்காமல் விட்ட மன்றக் கதவு ஐந்தாண்டு கழித்துத் திறந்தது. எழுத்தாளரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்ற வாதம் இத்துடன் முடிகிறது.

மதிப்பிடும் முறை

ஏமாற்றும் அடுத்த பாகத்தைப் பற்றி எழுதும்போது முதல் பாகத்தின் பரவசத்தை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை. கண் முதல்முறை திறக்கும் வியப்பை எந்த இரண்டாம் பாகமும் தர முடியாது. அதைக் கேட்கும் விமர்சனம் வாசகரின் பழைய வயதைத்தான் திருப்பிக் கேட்கிறது. கேட்க வேண்டியவை வேறு. முந்தைய பாகத்தில் இழந்தது இழந்ததாகவே இருக்கிறதா? மீட்கப்பட்டால் மீட்புக்கு யாராவது எதையாவது கொடுத்தார்களா? மறைந்த நகரத்தின் சட்டத்தைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்ததா? தடையாக நிற்பது பாத்திரத்தின் குணமா, பேசாமையா?

இந்த அளவுகளில் 'சிட்டி ஆஃப் ஃபாலன் ஏஞ்சல்ஸ்' சைமன் வரும் இடங்களில் தேறுகிறது, கிளேரியும் ஜேஸும் வரும் இடங்களில் தவறுகிறது. ஒட்டுமொத்தமாகக் கழித்துக்கட்ட வேண்டிய புத்தகம் இல்லை. தன்னிடம் இருந்த நல்ல கதை எது என்று அடையாளம் காணத் தவறிய புத்தகம். வளரிளம் பருவத்தில் படிப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. செய்ததன் விளைவு அழியாது என்பதை வாழ்க்கையில் முதன்முறையாக அறியத் தொடங்கும் வயது அது. அந்த அறிவை மதித்து எழுதும் தொடர் எத்தனை பாகம் வேண்டுமானாலும் நீளலாம். மதிக்காத தொடருக்கு நான்காவதே அதிகம்.